உப்புத்தாளும் உபதேசமும்

"இது கையால தேய்ச்சதா, மிஷின்ல தேய்ச்சதா?"

ஏனாத்தூரில் ஒரு தச்சுப் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது இந்தக் கேள்வி என் காதில் விழுந்தது. கேட்டவர் காரில் வந்தவர். கேட்கப்பட்டவர் என் நண்பரான மேஸ்திரி. கேள்விக்கு இலக்கான சாமான் ஒரு திருவாசிக்கு உள்ளே வைக்கும் மரச்சட்டம். அதன்மேல் பிற்பாடு பித்தளைத் தகடு போர்த்தப் போகிறார்கள். அதாவது, அந்த மரம் கையால் தேய்க்கப்பட்டதா, யந்திரத்தால் தேய்க்கப்பட்டதா என்பதைக் கடைசியில் எந்தக் கண்ணும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் காரில் வந்தவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

"கையாலதாங்க" என்றார் மேஸ்திரி. சொல்லிவிட்டு இருமினார்.

"அதானே பார்த்தேன்! அந்தக் களையே தனி" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு அவர் போனார். களையைக் கண்டுபிடித்த அந்தக் கண்ணுக்கு இருமல் மட்டும் தெரியவில்லை. இருமலைக் கேட்பதற்குக் காது வேண்டும். அதை அவர் காரிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

கார் போனதும் மேஸ்திரி ஒரு பழைய நாட்காட்டிக்கு அடியிலிருந்து இரண்டு மூன்று வழவழப்பான காகிதங்களை எடுத்து என் முன் வைத்தார். யந்திரங்களின் படமும் விலையும் போட்ட விளம்பரத் தாள்கள். "இதுல எதை வாங்கலாம், சொல்லுங்க சார்" என்றார். திருட்டுக் கடிதத்தைக் காட்டுகிறவர் மாதிரி அவர் குரல் தணிந்திருந்தது.

"அதற்கு ஏன் இந்த ரகசியம்?"

"மிஷின் வாங்கிட்டேன்னு தெரிஞ்சா இப்ப வந்தாரே, அவரு மாதிரி ஆளுங்க ஆர்டர் குடுக்க மாட்டாங்க சார்."

இந்தக் கட்டுரையின் முழுக் காரணமும் அந்த ஒரு வாக்கியம்தான்.

காஞ்சிபுரம் மரத்துக்கு மரியாதை செய்யத் தெரியாத ஊர் அல்ல. 2019-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நாற்பத்தெட்டு நாட்கள் அத்தி வரதர் குளத்தைவிட்டு எழுந்தருளியபோது, ஓர் அத்திமரத் திருமேனியைத் தரிசிக்க லட்சக்கணக்கான ஜனங்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். அதற்கு முன் அவர் வெளியே வந்தது 1979-இல். நாற்பது வருஷம் காத்திருந்து மரத்தைக் கும்பிடுகிற ஊர் இது. மரத்தை அறுத்து, இழைத்து, தேய்த்து உருவாக்குகிறவனைக் கும்பிட வேண்டாம். அவன் நாலு நாள் நிம்மதியாக மூச்சு விடட்டும் என்று நினைத்தால் போதாதா?

முதலில் இந்தத் 'தேய்ப்பு' என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். வாசகர்களில் பெரும்பாலோர் தேய்த்து முடித்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்களே ஒழிய, தேய்க்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். நேர்ப் பலகையானால் இழைப்புளி போட்டுவிடலாம். வெளிவளைவையும் ஒரு மாதிரி சமாளித்துவிடலாம். உள்வளைவுதான் சனியன். திருவாசியின் உட்புறம், தொட்டில் சட்டத்தின் குடைவு, ஊஞ்சல் கைப்பிடியின் நெளிவு, நாற்காலி முதுகின் இடுக்கு, இவற்றுக்குள் இழைப்புளி போகாது. அரம் போட்டு ராவிவிட்டு, ஒரு குச்சியில் உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டு, முன்னும் பின்னும், முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு நடுத்தரம், பிறகு நைசு. அந்தத் திருவாசிச் சட்டத்துக்கு மட்டும் மேஸ்திரிக்கு நாலு நாள் பிடித்தது. செதுக்கியது இரண்டே நாள்!

இந்த உள்வளைவுக்கென்றே ஒரு யந்திரம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஸ்பிண்டில் சாண்டர் என்பார்கள். காஞ்சிபுரத்தாருக்கு அதை விளக்குவது சுலபம். ராட்டையில் கதிர் இருக்கிறதல்லவா? அதைப் படுக்கவிடாமல் மேஜையின் நடுவில் செங்குத்தாக நிறுத்துங்கள். அதற்கு ரப்பரில் ஓர் உருளை மாட்டி, உருளைக்கு உப்புத்தாளால் ஒரு சட்டை போடுங்கள். அடியிலிருந்து மோட்டார் சுழற்றட்டும். மரத்தை மேஜைமேல் வைத்து வளைவை அந்த உருளையின்மேல் மெல்ல அணைத்து நகர்த்தினால், குச்சியும் தாளுமாக ஒரு பகல் செய்கிற வேலை அரைமணியில் முடிந்துவிடும். யாளியின் கண்ணையும் மகரத்தின் பல்லையும் அது தொடாது, தொடவும் முடியாது. உளிக்கு உரிய வேலை உளியிடமே இருக்கும். உப்புத்தாளின் வேலையில் ஒரு பங்கை மட்டும் அது வாங்கிக்கொள்கிறது. கடைசி நைசுத் தாளைக் கையால்தான் ஓட்ட வேண்டும்.

இதைத்தான் 'கலைக்கு ஆபத்து' என்கிறார்கள் நம் பெரிய மனிதர்கள்.

அவர்களைத் திட்டுவதற்கு முன் என்னையே ஒரு முறை திட்டிக்கொள்வது நியாயம். பல வருஷங்களுக்கு முன் நானும் ஒரு தச்சரைப் பற்றிக் கதை எழுதினேன். அவருடைய உள்ளங்கைக் காய்ப்பை, 'மரம் தன் நன்றியை எழுதிவைத்த முத்திரை' என்று வர்ணித்திருந்தேன். அந்த வரியைப் பாராட்டி எனக்குக் கடிதங்கள் வந்தன. நானும் பூரித்துப் போனேன். கதைக்கு மாதிரியாக நின்றவர் இதே மேஸ்திரிதான். அவர் படிக்கவில்லை, அவர் பையன் படித்தான். ஒரு நாள் என்னிடம் கேட்டான்:

"கதை நல்லா இருந்துச்சு சார். எங்கப்பா ராத்திரியில சோறு பிசைய முடியாம ஸ்பூன்ல சாப்பிடறாரு. அதையும் ஒரு வரி எழுதியிருக்கலாமே சார்?"

நான் என்ன பதில் சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை. சொல்லும்படியான பதில் ஒன்றும் இருந்திருக்காது.

அந்தப் பையன் இப்போது பட்டறையில் இல்லை. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. விடியுமுன் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. 'இந்தக் காலத்துப் பசங்களுக்குக் குலத்தொழிலில் அக்கறையில்லை' என்று மேடைகளில் பெருமூச்சு விடுகிறோமே, அவனைக் கேட்டுப் பார்த்தால் தெரியும். "அங்கே தூசியை உறிஞ்சக் குழாய் வச்சிருக்காங்க சார், முகத்துக்கு மாஸ்க் குடுக்கறாங்க. இங்கே அப்பாவுக்குத் துண்டுதான்" என்றான். உளியை அவன் வெறுக்கவில்லை. தன் அப்பாவின் மார்பைப் பார்த்துப் பயந்திருக்கிறான். இந்தப் பயத்துக்குப் பெயர் அக்கறையின்மையா?

யந்திரம் என்றாலே கலைக்குப் பகை என்பவர்கள் பட்டுத்தறியைக் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கட்டும். தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதே ஜக்கார்டு பெட்டி, அது காமாட்சியம்மன் சந்நிதியில் முளைத்ததல்ல. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்தில் ஜக்கார்டு என்பவர் 1804-இல் உருவாக்கியது. எந்தப் பாவு நூல் எப்போது தூக்க வேண்டும் என்பதை ஓட்டை போட்ட அட்டை சொல்லிவிடுகிறது. அதனால் காஞ்சிப் பட்டு கைத்தறி இல்லை என்று யாராவது சொன்னதுண்டா? கோர்வைப் புடவையில் உடலையும் கரையையும் இணைப்பது இன்றைக்கும் கைதான். மூன்று நாடா, இரண்டு ஆள். நூல் தூக்குகிற வேலையைப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டு, கோர்க்கிற வேலையைக் கையில் வைத்துக்கொண்டார்கள் நம் நெசவாளர்கள். எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தச்சனுக்கு மட்டும் அது தெரியாது என்று நாம் ஏன் நினைக்க வேண்டும்?

'அப்படியானால் விசைத்தறி வந்து கைத்தறியை விழுங்குவதும் சரிதானே?' என்று மடக்குவார்கள். சரியல்ல. அந்தச் சண்டை வேறு. நெசவாளியைத் தறியைவிட்டு எழுப்பி, அவன் பெயரையே தன் துணிக்குப் போட்டுக்கொள்கிற யந்திரத்தை எதிர்க்க வேண்டியதுதான். அதற்காகத்தான் 1985-இல் சில துணிவகைகளைக் கைத்தறிக்கென்று ஒதுக்கிச் சட்டமே செய்தார்கள். அந்த யந்திரம் தொழிலாளியின் இடத்தில் உட்காருகிறது. ஏனாத்தூர் மேஸ்திரி வாங்க நினைக்கும் யந்திரமோ அவருடைய கொட்டகையில், அவருடைய காலடியில், அவர் சொன்னபோது சுற்றி, அவர் சொன்னபோது நிற்கும். யந்திரம் யாருடைய கையில் இருக்கிறது என்று பார்க்காமல் எல்லா யந்திரத்தையும் ஒரே தராசில் நிறுப்பவன், சமையற்காரியின் அருவாமணையையும் கொள்ளைக்காரனின் அரிவாளையும் ஒன்றென்று சொல்கிறான்.

இதுவரை கலை ரசிகர்களைச் சொன்னேன். இனி எதிர்க்கட்சிக்காரர்களையும் விட்டுவைக்கப் போவதில்லை. 'மிஷின் வந்தால் எல்லாம் சரியாய்ப் போகும்' என்பவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் செய்கிற அநியாயம் இதைவிடக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

மேஸ்திரி காட்டிய விளம்பரத் தாள்களை எடுத்துக்கொண்டு நான் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் குதிரைச் சக்தி சொன்னார், சுழற்சி சொன்னார், தள்ளுபடி சொன்னார். "தூசி எங்கே போகும்?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தூசி எங்கே சார் போகும்? கீழே விழும். பெருக்கிட வேண்டியதுதான்."

கீழே விழுவது தூசியல்ல, அது மரத்தூள். தூசி விழாது. அது அந்தரத்தில் மிதக்கும், மூக்குக்குள் போகும். கண்ணுக்குத் தெரிகிற தூளைவிடத் தெரியாத தூசிதான் எமன். லண்டனுக்கு மேற்கே ஹை விகம் என்று ஓர் ஊர் உண்டு. காஞ்சிக்குப் பட்டு எப்படியோ, அந்த ஊருக்கு நாற்காலி அப்படி. அங்கே எஸ்மி ஹாட்ஃபீல்டு என்ற மூக்கு, காது, தொண்டை மருத்துவப் பெண்மணி, அபூர்வமான ஒருவகை மூக்குப் புற்றுநோய் மரச்சாமான் தொழிலாளிகளிடம் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். அவரும் சகாக்களும் ஆராய்ந்து 1968-இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். 1995-இல் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மரத்தூசியை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையிலேயே சேர்த்துவிட்டது. மேஸ்திரியின் இருமல் அதுதான் என்று நான் சொல்லவில்லை. அப்படி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மூச்சுக்குழாய் புண்பட்டிருக்கிறது என்றும் அவரே சொன்னார்.

இங்கேதான் விஷயத்தின் சூட்சுமம் இருக்கிறது. கையால் தேய்த்தாலும் தூசி உண்டு. யந்திரத்தால் தேய்த்தால் அதைவிட அதிகம். அதைவிட வேகமாகவும் வரும். ஆகவே தூசியை உறிஞ்சும் ஏற்பாடில்லாமல் யந்திரத்தை மட்டும் வாங்கி வைப்பது, இருமலுக்கு மருந்தென்று எண்ணி இருமலையே விலைக்கு வாங்குவதாகும். கையைக் காப்பாற்றிவிட்டு மார்பைக் கொடுத்துவிடுவதில் என்ன லாபம்?

ஆகவே மேஸ்திரிக்கு நான் சொன்ன யோசனையை உங்களுக்கும் சொல்கிறேன். யந்திர சாஸ்திரம் நான் படித்ததில்லை. கல்லூரியையே பாதியில் விட்டவன். ஆனால் நாலு பட்டறைகளில் போய்க் கேட்டேன். கேட்டதில் தெளிந்தது இது.

தூசிக் குழாய் மாட்டுவதற்கு யந்திரத்தில் வாய் இருக்கிறதா என்று எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டும். அந்த வாயில் பொருத்தும் உறிஞ்சியின் விலையையும் சேர்த்துத்தான் யந்திரத்தின் விலை. உறிஞ்சிய தூசியை மெல்லிய துணிப்பை வழியாகத் திரும்ப அறைக்குள்ளேயே ஊதிவிடுகிற உறிஞ்சியானால் அது எதற்கு? நல்ல வடிகட்டி வேண்டும். அதற்கு மேல், 2020-க்குப் பிறகு நாம் எல்லோரும் பெயர் தெரிந்துகொண்ட அந்த என்-95 முகமூடியும் வேண்டும்.

அடுத்தது, உருளை சும்மா சுற்றுகிறதா, சுற்றிக்கொண்டே மேலும் கீழும் ஏறி இறங்குகிறதா என்பது. ஏறி இறங்குவதைத்தான் வாங்க வேண்டும். ஒரே இடத்தில் சுற்றினால் உப்புத்தாள் ஒரு பட்டையில் மட்டும் தேய்ந்து அடைத்துக்கொள்ளும், மரத்தில் கோடு விழும், சூடேறிக் கருகும். ஏறி இறங்கினால் தாள் முழுவதும் உழைக்கும், சூடும் குறையும்.

உருளைகள் அரை அங்குலத்திலிருந்து மூன்று அங்குலம் வரை பல பருமனில் வரும். வளைவுக்குள் நுழையக்கூடியவற்றில் எது பெரியதோ அதைத்தான் மாட்ட வேண்டும். பெரிய வளைவில் சின்ன உருளையை ஓட்டினால் அலை அலையாகப் பள்ளம் விழும். அந்த உறைகள் பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்பதை யந்திரம் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும். உறை கிடைக்காத யந்திரம் திரியில்லாத குத்துவிளக்கு.

குதிரைச் சக்தியில் மயங்க வேண்டாம். இந்த மாதிரிச் சின்னப் பட்டறைக்கு அரைக் குதிரையே தாராளம். நாள் முழுவதும் ஓடுமானால் ஒரு குதிரை. வீட்டு மின்சாரத்திலேயே ஓடுவதாக இருக்கட்டும். மூன்று ஃபேஸ் யந்திரத்தை வாங்கிவிட்டு, இணைப்புக்காக அலைந்த பட்டறைக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். மேஜை கனத்த வார்ப்பிரும்பாக, சமமாக இருக்க வேண்டும். தேவைப்பட்டால் சாய்க்க வசதி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மேஜையின் உயரம் மேஸ்திரியின் முழங்கைக்குச் சரியாக வர வேண்டும். கடைக்காரருக்கு எந்த உயரம் சௌகரியம் என்பது நமக்குத் தேவையில்லாத சமாசாரம்.

'துளை போடும் யந்திரத்திலேயே ஓர் உருளையை மாட்டிக்கொண்டால் போச்சு' என்று ஒரு சிக்கனக்காரர் சொன்னார். எப்போதாவது ஒரு தடவைக்குச் சரி. துளை யந்திரம் மேலிருந்து கீழே அழுத்துவதற்காகச் செய்யப்பட்டது. தினமும் அதைப் பக்கவாட்டில் நெருக்கினால் அதன் பேரிங் போகும். சில சமயம் பிடிப்பே நழுவிக் கழன்று விழும். அப்போது மிச்சப்பட்ட பணம் வைத்தியனுக்குப் போகும்.

வாங்கிய பிறகு, மரத்தை எப்போதும் உருளை சுற்றும் திசைக்கு எதிராகத்தான் நகர்த்த வேண்டும். கூடவே நகர்த்தினால் பிடுங்கிக்கொண்டு போய்விடும். சின்னத் துண்டுகளை விரலால் பிடிக்காமல் ஒரு பிடிப்பலகையில் இறுக்கிக்கொள்ள வேண்டும். தோளில் துண்டு கூடாது, கையில் கயிறு கூடாது, கையுறையும் கூடாது. சுற்றுகிற கதிருக்கு எதைப் பிடித்து இழுக்கிறோம் என்ற விவேகம் கிடையாது.

'இவ்வளவுக்கும் பணம்?' என்பீர்கள். மேஜைமேல் வைக்கும் சிறிய யந்திரம் காஞ்சிபுரத்தில் ஒரு நல்ல முகூர்த்தப் புடவையின் விலைக்கு அக்கம்பக்கம்தான் வருகிறது. உறிஞ்சிக்கு இன்னொரு புடவை என்று வையுங்கள். கைவினைஞர்களுக்காக 2023-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டத்தில் கருவிக்கென்று 15,000 ரூபாய் சொன்னார்கள். 2025-இல் மாநில சர்க்கார் தொடங்கிய திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும், அதில் நாலில் ஒரு பங்கு, 50,000 ரூபாய்க்கு மிகாமல், மானியமும் என்றார்கள். நல்ல காரியங்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 15,000 ரூபாயில் கருவி வரும், தூசிக்கு வழி வராது. கடன் வாங்கினால் தவணை கட்ட வேண்டும்; தவணை கட்ட ஆர்டர் வேண்டும்; ஆர்டர் கொடுக்கும் பெரிய மனிதரோ, 'மிஷினா?' என்று புருவத்தை உயர்த்துகிறார். சர்க்கார் திறந்த கதவை நம்முடைய ரசனை சாத்துகிறது.

இந்த ரசனையைத்தான் நான் சந்தேகிக்கிறேன். கார் வைத்துக்கொண்டிருக்கிறோம். வீட்டில் மாவு அரைப்பது யந்திரம், துணி துவைப்பது யந்திரம். ஆட்டுக்கல்லை நம் வீட்டுப் பெண்கள் கைவிட்டபோது இட்லியின் களை போயிற்றென்று நாம் மறியல் செய்யவில்லை. நம்முடைய முதுகு வலிக்கும்போது யந்திரம் நாகரிகம். மேஸ்திரியின் தோள் வலிக்கும்போது மட்டும் அது கலைக்குத் துரோகம்! பிறர் படும் சிரமத்தைக் காசு கொடுத்து வாங்கி நடுக்கூடத்தில் மாட்டிக்கொள்வதற்கு ரசனை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மேஸ்திரி இன்னும் யந்திரம் வாங்கவில்லை. விளம்பரத் தாள்கள் நாட்காட்டிக்கு அடியிலேயே இருக்கின்றன. போன வாரம் பையன் வந்திருந்தானாம். "உறிஞ்சியோட வாங்கினா ஞாயித்துக்கிழமையில நான் வந்து வேலை பார்க்கறேன்பா" என்றானாம். இதைச் சொல்லும்போது மேஸ்திரியின் முகத்தில் தெரிந்ததை வர்ணிக்க எனக்கு ஆசைதான். ஆனால் ஒரு தடவை வர்ணித்துப் பட்டது போதும்.

அந்தப் பழைய கதை என் தொகுதியில் இன்னும் இருக்கிறது. உள்ளங்கை வரியை மறுபதிப்பில் எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை. என் அசட்டுத்தனத்துக்கு அது சாட்சியாக இருக்கட்டும். பக்கத்தில் இந்தக் கட்டுரையும் இருக்கட்டும்.

வாசகர்களே, நாளைக்கு நீங்களும் ஒரு பட்டறைக்குப் போவீர்கள். ஊஞ்சலோ தொட்டிலோ பூஜை மண்டபமோ செய்யச் சொல்வீர்கள். 'கைவேலையா, மிஷின் வேலையா?' என்று கேட்க உங்கள் நாக்குத் துடிக்கும். அதைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு, 'இங்கே தூசி எங்கே போகிறது, மேஸ்திரி?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அதற்கு ஆகும் செலவில் உங்கள் பங்கையும் கூலியோடு சேர்த்துக் கொடுங்கள்.